தொட்டில் சேலை யாருடையது

ஆகஸ்ட் 19

நர்மதா, இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். ஊர் தூங்கிய பிறகு எழுதுகிறவர்கள் எல்லாம் கவிஞர்கள் என்று ஹாஸ்டலில் நினைத்துக்கொண்டிருந்தோம். துணி காயப்போட்டு முடித்தவர்கள்தான் அவர்கள் என்று இப்போது தெரிகிறது. உன் போன் தலைமாட்டில் கத்தி உன்னை எழுப்பக் கூடாது என்பதால் உடனே அனுப்ப மாட்டேன். நாட்குறிப்பு மாதிரி எழுதிச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்புகிறேன். நிதானமாகப் படி. சிரிக்க வேண்டிய இடங்களில் சிரி.

விஷயம் இதுதான்: வேலைக்குப் போகிறேன். ஈரோட்டில், ஜவுளிக் கடைக்கு மேல் மாடியில், பழனியப்பன் சாரின் ஸ்போக்கன் இங்கிலீஷ் நிலையம். பெயர் 'விக்டரி'. யாரை எதிர்த்து என்று தெரியவில்லை. சாருக்கே இங்கிலீஷ் பேச வராது. "ஒய் யூ கம் லேட் ஆல்ரெடி" என்பார். நேர்முகத் தேர்வில் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. காபி வாங்கிக் கொடுத்து, "நாளைக்கே வந்துருங்க" என்றார். எம்.ஏ. என்றால் அவ்வளவு மரியாதை போல.

எங்கள் வீட்டு நிலவரம் உனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனதோடு சரி. கீழ்த்தளத்தில் பிரதீப்பின் அண்ணன் தங்கராசு மாமா. மஞ்சள் மண்டி அவருடையது, வீடும் அவருடையது. பிரதீப் அந்த மண்டியில்தான் இருக்கிறார். பிரதீப் நல்லவர். இந்த வீட்டில் நல்லவர் என்றால் வாயைத் திறக்காதவர் என்று பொருள். மாமாவின் மனைவி இந்திராணி அக்கா. நாற்பதைத் தாண்டியவர், பிள்ளை இல்லை. கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி பாக்கி இல்லாமல் போய்ப் பார்த்தாகிவிட்டது. மேல்தளத்தில் நாங்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் ஆதிரை. பத்து மாதம், இரண்டு பல், கோபம் நிறைய.

வேலைக்குப் போ என்று முதலில் சொன்னதே இந்திராணி அக்காதான். "படிச்ச புள்ள, இப்படி அடுப்படியிலயே கெடந்து என்ன பண்ணப்போறே அம்மிணி? பாப்பாவ நான் பாத்துக்கறேன், போ." இவ்வளவு முற்போக்கான ஓரகத்தி யாருக்குக் கிடைக்கும், சொல். எனக்குத்தான் முதல் வாரம் முழுக்க ஒரே பயம். பாப்பாவுக்கு மூச்சு முட்டுமோ, பொட்டுக்கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாளோ என்று. வகுப்புக்கு நடுவில் மூன்று முறை போன் செய்தேன். அக்கா மூன்று முறையும், "தூங்கறா" என்றார்.

என் மாணவிகளைப் பற்றிச் சொல்கிறேன், கேள். கோகிலவாணி, பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். எதைச் சொன்னாலும் உரக்கச் சொல்வாள். ஜமுனா அம்மாவுக்கு டல்லாஸில் பேரன். அவனுக்குத் தமிழ் வராதாம், அதனால் ஐம்பத்தெட்டு வயதுப் பாட்டி இங்கிலீஷ் கற்றாக வேண்டும். ரஷீதா நர்ஸ், வெளிநாட்டுத் தேர்வுக்காக வருகிறாள். மற்றவர்கள் ஏசிக்காக வருகிறார்கள்.

நாளை முதல் புதுப் பாடம். 'இது யாருடையது என்று ஊகித்தல்.'

ஆகஸ்ட் 21

இந்தப் பாடத்தை எழுதிய வெள்ளைக்காரரைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். படத்தில் ரயிலில் தொலைந்த ஒரு பை. உள்ளே ஒரு குடை, ஒரு நாய்ச்சங்கிலி, ஒரு புகைக்குழாய். கீழே நான்கு பேர் படம். ஒருவரிடம் நாய் இருக்கிறது. ஆகவே இது அவருடையதாகத்தான் இருக்க வேண்டும்: மஸ்ட் பி. இன்னொருவர் புகைப்பதில்லை. ஆகவே அவருடையதாக இருக்கவே முடியாது: கான்ட் பி. மூன்றாமவருக்கு மைட் பி, இருந்தாலும் இருக்கலாம். எவ்வளவு சுத்தமான உலகம் பார். அங்கே ஒருவருடைய பொருளை இன்னொருவர் வைத்திருப்பதே கிடையாது போலிருக்கிறது.

நம் பெண்களிடம் இது எடுபடுமா? ஜமுனா அம்மா தன் டிபன் டப்பாவை மேஜைமேல் வைத்தார். மூடியில் 'வெ. ராமாத்தாள்' என்று பெயர் வெட்டியிருந்தது. நான் உற்சாகமாக, "நேம் இருக்கு பாருங்க. ஸோ, இட் மஸ்ட் பி ராமாத்தாள்ஸ்" என்றேன். வகுப்பே சிரித்தது.

"ராமாத்தா குடுத்ததுங் மிஸ்," என்றார் ஜமுனா அம்மா. "என்ற மவ கல்யாணத்துக்கு."

"பாத்திரத்துல பேர் வெட்டியிருந்தா அவங்களுது கான்ட் பி தாங் மிஸ்," என்றாள் கோகிலவாணி. "குடுத்தவங்க பேருதான் வெட்டுவாங்க. வெச்சிருக்கறவங்க பேர எதுக்கு வெட்டறது?"

ரஷீதா மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டே, "அப்ப ராமாத்தா வீட்டுல யார் பேரு போட்ட டப்பா இருக்கும் மிஸ்?" என்றாள்.

"ஜமுனான்னு இருக்கும்!" என்று ஒரே கூச்சல்.

வெள்ளைக்காரர் இதற்கு ஒரு வழியும் எழுதிவைக்கவில்லை. மணி அடித்துவிட்டது. பழனியப்பன் சார் எட்டிப் பார்த்து, "வெரி குட் நாய்ஸ்" என்றார்.

வீட்டுக்கு வந்தால் பாப்பா கீழேயே தூங்கிவிட்டாள். எழுப்ப வேண்டாம் என்றார் அக்கா. சரி என்று மேலே வந்து மிக்ஸி ஜாரைக் கழுவினேன். அதன் ரப்பர் வளையத்தைக் காணோம்.

ஆகஸ்ட் 22

ரப்பர் வளையம் கிடைத்தது. பாப்பா இன்றும் கீழே.

ஆகஸ்ட் 24

தங்கராசு மாமா பெருந்துறை ரோட்டில் புது வீடு கட்டியிருக்கிறார். செப்டம்பர் நான்கில் பால் காய்ச்சுகிறார்கள். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் அங்கே போய்விடுவார்கள், நாங்கள் இங்கேயே மாடியில். இன்று எல்லோரும் போய்ப் பார்த்தோம்.

ரசனை என்றால் என்ன என்று அந்த வீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். வாசலில் இரண்டு சிமென்ட் யானை. கூரையில் ஒரு சூரியகாந்தி, அதைச் சுற்றி மாறி மாறி எரியும் விளக்கு, கல்யாண மண்டபம் மாதிரி. சாமி அறைக் கதவில் தொங்கும் மணிகளை எண்ண முடியாது.

சிறிய படுக்கையறை ஒன்று இருக்கிறது. ரோஸ் நிறம். விட்டத்தின் நடுவில் தடிமனான கொக்கி. "இது எதுக்குக்கா?" என்றேன்.

"இருக்கட்டும் அம்மிணி. செடி கிடி தொங்க விடலாம்."

படுக்கையறை நடுவில் செடி! இந்த வீட்டில் எல்லாம் நடக்கும். ஜன்னல் கம்பிகள் ஒரு கை நுழையாத நெருக்கம். திருட்டுப் பயமாம். அலமாரியின் முனைகளை ஒன்றுவிடாமல் உருட்டியிருக்கிறார்கள். தச்சர், தங்கராசு மாமாவிடம், "பாப்பா இடிச்சுக்காதுங்க, நீங்க சொன்னாப்லயே பண்ணிட்டனுங்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வந்து போகிற குழந்தைக்காக இவ்வளவு அக்கறை. இவர்களுக்குச் செலவழிக்க இடம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பிரதீப் அந்த அறைக்குள் வரவே இல்லை. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். தண்ணீர்த் தொட்டியில் பார்க்க என்ன இருக்கிறதோ.

ஆகஸ்ட் 25

பாப்பா இன்று "ம்மா" என்றாளாம். நான் வகுப்பில் இருந்தேன். யாரைப் பார்த்து என்று நான் கேட்கவில்லை, பிரதீப்பும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 28

இன்று வகுப்பில் நிஜப் பொருள்களை வைத்து நடத்தலாம் என்று நினைத்தேன். பி.எட். முடித்தவர்கள் சொல்வார்களே, அந்த முறை. ஒரு பை, அதற்குள் ஒருவருடைய சாமான்கள். மாணவிகள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, இது யாருடையது, எப்படிப்பட்டவர் என்று ஊகிக்க வேண்டும். காலையில் கேஸ் சிலிண்டர்காரன் வந்து தொலைத்ததில் எதையும் எடுத்துவைக்க நேரமில்லை. கீழே பாப்பாவை விடும்போது அவள் பை கண்ணில் பட்டது. அக்கா எப்போதும் எல்லாவற்றையும் அடுக்கித் தயாராக வைத்திருக்கும் பை. "ரெண்டு மணி நேரத்துல தந்துடறேன்க்கா" என்று தூக்கிக்கொண்டு ஓடினேன். அக்காவுக்கு முகமே மாறிவிட்டது. ஒரு பைக்கு இவ்வளவா என்று நினைத்துக்கொண்டேன்.

யாருடையது என்று வகுப்பில் சொல்லவில்லை. மேஜைமேல் வைத்தேன்.

கோகிலவாணி முதலில் எடுத்தது கிலுகிலுப்பை. "ஷீ மஸ்ட் பி எ பேபி!" கைதட்டல். பெரிய கண்டுபிடிப்பு.

"பேபியை விடுங்க. பேபியோட அம்மாவைக் கண்டுபிடிங்க," என்றேன். கெட்டிக்காரத்தனமாக நடத்துவதாக எண்ணம்.

ரஷீதா பால் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். முகர்ந்தாள். "வெல் பாயில்டு மிஸ். நல்லா கொதிக்க வெச்சிருக்காங்க. இந்த அம்மா வேலைக்குப் போறவங்களா கான்ட் பி. நேரம் இருக்கறவங்க."

"வேலைக்குப் போறவங்க பாட்டிலைக் கொதிக்கவைக்க மாட்டாங்களா?" என்றேன்.

"வைப்பாங்க மிஸ். ஆனா இந்த மாதிரி வைக்க மாட்டாங்க."

அடுத்து வசம்பு வளையல். திருஷ்டிக்கு இதெல்லாம் கட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. என் கண்முன்னே பாப்பா கையில் அதை ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் வரும் நேரத்தில் கழற்றிவிடுவார்கள் போல. "அம்மா கொஞ்சம் பழைய ஆளு, மைட் பி," என்றது ஒரு குரல்.

பிறகு ஜமுனா அம்மா பையின் அடியிலிருந்து ஒரு சேலையை எடுத்தார். பழைய சுங்குடி, கத்திரிப்பூ நிறம். தொட்டில் கட்டிக் கட்டி இரண்டு முனையும் கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்தது.

"இதென்னங் மிஸ் கேள்வி? தொட்டில் சேல யாருதோ அவங்கதான் அம்மா," என்றார். "பெத்தவ சேலைல போட்டாத்தான புள்ள தூங்கும்? மஸ்ட் பி. மஸ்ட் மஸ்ட் பி."

"எப்படிப்பட்ட அம்மா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. பாடம் அப்படி.

கோகிலவாணி சேலையை உதறிப் பிடித்தாள். "நல்ல உயரங் மிஸ். கொசுவத்துல மடிப்பு பாருங்க, உடம்பு கொஞ்சம் பூசுனாப்ல இருக்கும். கலரைப் பாத்தா சின்னப் புள்ளைங்க கட்டறது கான்ட் பி. நாப்பது, நாப்பத்தி ரெண்டு."

"நாப்பதுல கைப்புள்ளையா?" என்றார் ஜமுனா அம்மா.

"ஐவிஎஃப், மைட் பி," என்றாள் ரஷீதா. "எங்க ஆஸ்பத்திரியில நெறைய வர்றாங்க. ரொம்ப வருசம் காத்திருந்தவங்க இப்படித்தான் வெச்சிருப்பாங்க. ஒவ்வொரு சாமானும் இஸ்திரி போட்ட மாதிரி."

ஜமுனா அம்மா சேலையை மூக்கில் வைத்துப் பார்த்தார். "மஞ்ச மண்டிக்காரங்க வூடு. இந்த நெடி எந்த சோப்புலயும் போவாது. மஸ்ட் பி." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுது கான்ட் பி, மிஸ். நீங்க சேலையே கட்டறதில்லையே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"சொல்லுங் மிஸ், யாருது?"

"பக்கத்து வீட்டு அக்காவோடது," என்றேன். "எல்லாம் சரியா சொல்லிட்டீங்க."

நேரம் ஆகிவிட்டது, அதனால் அப்படிச் சொன்னேன். விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? எவ்வளவு மேலோட்டமான கூட்டம் பார். ஒரு துணியை முகர்ந்துவிட்டு ஒருத்தியை அம்மா என்று தீர்மானித்துவிடுகிறார்கள். இவர்களுக்கு என்ன இங்கிலீஷ் வரும்? பையைத் திரும்ப அடுக்கும்போது சேலை மட்டும் மடிபடவே இல்லை. மூன்று முறை மடித்தேன்.

ஆகஸ்ட் 29

என் சேலையில் ஒன்றை எடுத்து மேலே தொட்டில் கட்டினேன். கல்யாணத்துக்கு நீங்கள் எல்லோரும் சேர்ந்து கொடுத்தது, பச்சை. பாப்பாவைப் போட்டேன். கட்டு சரியில்லையோ, துணி வழுக்கியதோ, அழுதாள். ஆட்டினேன், பாடினேன், பேசினேன். மூச்சு நின்றுவிடுமோ என்று பயம் வரும் அளவுக்கு அழுதாள். கீழே இந்திராணி அக்கா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடப்பது கேட்டது. மேலே வரவில்லை. கடைசியில் நானே தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். அக்கா கையை நீட்டினார். பாப்பா அந்தத் தோளில் முகத்தை வைத்ததும், சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது அழுகை.

"பல்லு மொளைக்கற காலம் அம்மிணி, அதேன்," என்றார் அக்கா. எனக்கு ஆறுதல் சொல்கிறாராம்.

பத்து மாதக் குழந்தைக்கு என்ன தெரியும்? எதைப் பிடித்தாலும் தூங்கும்.

செப்டம்பர் 1

பிரதீப்பிடம் கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன். எழுந்து போக முடியாதில்லையா?

"அந்தக் கொக்கி எதுக்கு?"

"எந்தக் கொக்கி?"

"செடி தொங்கவிடற கொக்கி."

ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார். பிறகு, "அண்ணி உன்கிட்டப் பேசறேன்னு சொன்னாங்க," என்றார்.

"நீங்க பேசுங்க."

"கொஞ்ச நாளைக்குத்தானே சிந்து. அவங்களும் அங்க தனியா இருப்பாங்க. பாப்பாவும் பழகிட்டா. உனக்கும் வேலை இருக்கு. ஸ்கூல் சேக்கற வரைக்கும்னு வெச்சுக்க."

"ஸ்கூல் எங்க?"

"அங்க பக்கத்துலயே ஒரு நல்ல ஸ்கூல் இருக்காம். அண்ணன் பேசிட்டாரு."

பத்து மாதக் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் பார்த்தாகிவிட்டது. நான் இன்னும் தடுப்பூசித் தேதியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"நமக்கு இன்னொண்ணு பொறக்காமயா போகும்?" என்றார். இதைச் சொல்லும்போது முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். தனக்கே இது நல்ல யோசனையாகத் தோன்றியது போல. கடையில் தக்காளி தீர்ந்தால் நாளை வரும் என்பார்களே, அந்தக் குரல்.

"எப்ப முடிவு பண்ணீங்க?"

"முடிவுன்னு இல்ல..."

"எப்ப?"

"சித்திரைலயே பேச்சு வந்துச்சு. அண்ணிதான் சொன்னாங்க, சிந்து வீட்லயே இருந்தா புள்ளைய விட மனசு வராது, மொதல்ல வேலை கீலைன்னு வெளிய போயிப் பழகட்டும்னு. பழனியப்பன், நம்ம அண்ணனோட சேக்காளி. சொன்ன ஒடனே சரின்னுட்டாரு."

நர்மதா, காபி வாங்கிக் கொடுத்து ஒரு கேள்விகூடக் கேட்காமல் வேலை கொடுத்தாரே, அந்தப் பழனியப்பன்தான். நான் என் எம்.ஏ.வுக்கு மரியாதை என்று உனக்கு எழுதியிருக்கிறேன், மேலே போய்ப் பார். ஊகிக்கக் கற்றுக்கொடுக்கிற ஆசிரியை! மாடியிலிருந்து கீழே இறங்கி, ஜவுளிக் கடை ஏறி, வெள்ளைக்காரரின் நாய்ச்சங்கிலி யாருடையது என்று பாடம் நடத்திவிட்டு வந்தேன். டல்லாஸ் பாட்டிக்கு ஒரே முகர்தலில் தெரிந்தது எனக்கு மூன்று வாரமாகத் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதுகிறேன். அப்படியே வைத்துக்கொள்.

"நீங்க என்ன சொன்னீங்க, அவங்க கேட்டப்ப?" என்றேன்.

"நான் என்ன சொல்றது? அண்ணன் கேக்கறப்ப..."

மோர் ஊற்றினேன். குடித்துவிட்டுக் கை கழுவினார்.

செப்டம்பர் 2

அம்மாவுக்குப் போன் செய்தேன். சத்தியமங்கலத்தில் என் தம்பி வீட்டில் இருக்கிறாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "யாரு அந்நியமா? அனுசரிச்சுப் போ கண்ணு. பங்காளி வூட்டுலதான வளருது," என்றாள். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரம் வந்ததும் வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 4

பால் காய்ச்சினார்கள்.

பாப்பாவுக்கு அரக்குப் பட்டுப் பாவாடை. நான் எடுத்தது கிடையாது. இந்திராணி அக்கா இடுப்பில் அவளை வைத்துக்கொண்டு வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார். போட்டோக்காரன், "அம்மாவும் பாப்பாவும் கொஞ்சம் இப்படித் திரும்புங்க" என்றான். நான் சிமென்ட் யானைக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அக்கா திரும்பினார். நன்றாகத்தான் திரும்பினார்.

எனக்கு வேலை கொடுத்திருந்தார்கள்: பந்தியில் சாம்பார். படித்த மருமகள் பரிமாறுவதைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. இரண்டாம் பந்தியில் கரூர்ச் சித்தி உரக்க, "இந்திராணி, ஒரு வழியா மடி நெறஞ்சுதா சாமி!" என்றார். பக்கத்து இலைக்காரர்கள் தலையாட்டினார்கள். தங்கராசு மாமா பந்தியைச் சுற்றி நடந்துகொண்டே, "ஆமாங்க சித்தி, பாப்பா இனி இங்கதான். எல்லாம் பேசியாச்சு," என்றார்.

வாளியைக் கீழே வைத்தேன். யாருடைய இலைக்குப் பக்கத்தில் என்று பார்க்கவில்லை.

"யாரைக் கேட்டுப் பேசினீங்க மாமா?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. சிரித்தார். "என்ன அம்மிணி, உன்ற வூட்டுக்காரனக் கேட்டுத்தேன்."

பிரதீப் நான்காவது இலையில் இருந்தார். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அவரைக் கேட்டீங்க, அவர் சொல்லிட்டார். என்னையும் கேளுங்க."

"பந்தியில வெச்சு என்ன கண்ணு பேச்சு? அப்புறமா உக்காந்து..."

"நீங்க பந்தியில வெச்சுத்தான் சொன்னீங்க மாமா. நானும் இங்கயே சொல்லிடறேன். பாப்பா எங்கூடத்தான் இருப்பா."

சித்தி, "படிச்ச புள்ளைங்க பேச்சே தனி" என்று இலையைப் பார்த்துச் சொன்னார். பாயசம் கொண்டுவந்த ஆள் பாயசத்தோடு நின்றுவிட்டான்.

ரோஸ் அறைக்குப் போனேன். கொக்கியில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. கத்திரிப்பூச் சுங்குடி. பாப்பா அரைத்தூக்கம். அக்கா தரையில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்திருந்தார். கூடத்தில் பேசியது அவருக்குக் கேட்டிருக்கிறது. என்னைப் பார்க்கவில்லை.

"இங்க நல்லாத்தான் இருப்பா," என்றார். "ஒரு கொறையும் வைக்க மாட்டேன்."

"தெரியும்க்கா."

"உன்கிட்ட கேட்டிருக்கோணும்."

"ஆமாம்."

"கேட்டா நீ தர மாட்டே."

குனிந்து பாப்பாவைத் தூக்கினேன்.

அவள் கண் விழித்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அக்கா பக்கம் திரும்பி இரண்டு கையையும் நீட்டிக் கத்த ஆரம்பித்தாள் பார், பந்தியிலிருந்த எல்லோரும் இலையை விட்டு எழுந்து அறை வாசலுக்கு வந்துவிட்டார்கள். அத்தனை பேருக்கு நடுவில், என் பிள்ளை என்னிடமிருந்து தப்பிக்கப் பார்க்க, நான் பிடித்துக்கொண்டு நடந்தேன். பிள்ளை பிடிக்கிறவள் மாதிரி இருந்திருப்பேன். யாரும் தடுக்கவில்லை. யாரும் வழியும் விடவில்லை.

வாசல் வரை அக்கா பின்னாலேயே வந்தார். பிடுங்கவில்லை. "கழுத்தப் பாத்துப் புடி," என்றார். "பின்னால சாயறா பாரு." பாப்பாவின் காலில் நழுவிய கொலுசைத் திருகி மாட்டினார். பிறகு உள்ளே ஓடிப்போய், தொட்டில் சேலையை அவிழ்த்துத் திணித்த அந்தப் பையைக் கொண்டுவந்து ஆட்டோவில் வைத்தார்.

வாங்கியிருக்கக் கூடாது என்று ஆட்டோவில் தோன்றியது. மாடிக்கு வந்து, அவள் மூன்று மணி நேரம் அழுத பிறகு, அந்தச் சுங்குடியில் தொட்டில் கட்டியபோது தோன்றவில்லை.

செப்டம்பர் 6

பழனியப்பன் சார் போன் செய்தார். "பேட்ச் குளோஸ் பண்றோம் மேடம். ஸ்டூடன்ட்ஸ் நாட் இன்ட்ரஸ்ட்." ஒரு மணி நேரத்துக்குள் கோகிலவாணி கூப்பிட்டு, "நாளைக்கு எத்தன மணிக்குங் மிஸ்?" என்றாள். இன்ட்ரஸ்ட் இல்லாத ஸ்டூடன்ட். நான் சொன்னதும் சாரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள். அதற்கு இங்கிலீஷில் சரியான சொல் கிடையாது, அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

பிரதீப் இரண்டு நாளாகக் கீழ்த்தளத்தில் படுக்கிறார், அந்தக் காலி வீட்டில், பாய் விரித்து. காலையில் படியில் நின்று, "அண்ணன்கிட்ட நான் என்ன சொல்றது?" என்றார். நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். "எதையாவது சொல்லுங்க. சொன்னீங்கன்னாலே பெரிய விஷயம்," என்றேன். மண்டிக்குப் போய்விட்டார். வீட்டைக் காலி பண்ணச் சொல்லி மாமா இன்னும் வாயைத் திறக்கவில்லை. பெரிய மனிதர், தானாகப் புரியும் என்று காத்திருப்பார். எனக்குப் புரிகிறது.

பாப்பா என்னோடு பழகவில்லை. இதை உனக்கு மட்டும் சொல்கிறேன். பகலில் வாசல் கதவு சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கிறாள். யார் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இன்று மதியம் பருப்புச் சாதம் ஊட்டினேன். நான்கு வாயைத் துப்பினாள், ஐந்தாவதை விழுங்கினாள். விழுங்கிவிட்டு என் விரலைக் கடித்தாள், நன்றாக, ரத்தம் வருகிற மாதிரி. அதற்குப் பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், நான் என்ன செய்வேன் என்று. நான் ஆறாவது வாயை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

உன் ஸ்டேட்டஸில் பார்த்தேன், நீ வேலை பார்க்கும் பள்ளிக்கு ஆறாம் வகுப்புக்கு ஆங்கில ஆசிரியை வேண்டுமாம், குவார்ட்டர்ஸ் உண்டாம். அந்த இடம் இன்னும் காலியா? கைக்குழந்தையோடு வருகிறவளை எடுத்துக்கொள்வார்களா? இரண்டையும் உங்கள் பிரின்சிபாலிடம் நேராகக் கேட்டுச் சொல். இல்லை என்றால் இல்லை என்றே சொல், வேறு இடம் பார்க்க வேண்டும். சீக்கிரம் பதில் போடு.